நாண் நாரான வரலாறு

1962-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள சண்டர்லாந்து நகரத்துத் திடலில், பெரி குழுவுக்கு எதிராகக் காற்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. சண்டர்லாந்தின் தாக்குதல் ஆட்டக்காரரான பிரையன் கிளஃப் எதிரணிக் கோல் காவலரோடு மோதி வீழ்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27. அக்குழுவுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் 61. அவற்றில் அவர் போட்ட கோல்கள் 54. அன்று முழங்காலில் அறுந்த நார்கள் அவரது ஆட்ட வாழ்வையும் அறுத்துவிட்டன. 1964-இல் மூன்றே ஆட்டங்களில் மீண்டும் தலைகாட்டினார், அத்துடன் முடிந்தது. பின்னாளில் அவர் குழு நிர்வாகியாக நாட்டிங்காம் ஃபாரஸ்ட் குழுவுக்கு 1979, 1980 ஆகிய ஈராண்டும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று தந்தது தனிக்கதை.

சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 26-ஆம் நாள், பிளாக்பர்ன் நகரத்தில் லீட்ஸ் குழுவுக்கு எதிராக ஆடிய ஆலன் சியரர் என்னும் 22 வயது இளைஞரின் வலது முழங்காலில் அதே நார் அறுந்தது. அவரும் அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். ஆனால் அடுத்த பருவத்தில் திடலுக்கு மீண்டு, 40 லீக் ஆட்டங்களில் 31 கோல்களைப் போட்டார். கிளஃபுக்குச் சிலுவை நாரோடு பக்க நாரும் அறுந்திருந்தமையால் அவருடைய காயம் கொடியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவ்வாறு கழித்துப் பார்த்தாலும் அந்த முப்பது ஆண்டுகளுக்கிடையே பெரியதொரு மாற்றம் நிகழ்ந்திருப்பது தெளிவு.

மருத்துவம் வளர்ந்துவிட்டது என்று ஒரே தொடரில் விடை கூறிவிடலாம். மாணவர் கட்டுரைகளில் அத்தகைய தொடரைக் காணுந்தோறும் ஓரத்தில் சிவப்பு மையால் 'எவ்வாறு?' என்று எழுதுவது என் வழக்கம். அந்த 'எவ்வாறு' என்பதற்கு விடை தேடிப் புகுந்தபோது, நான் எதிர்பாராத ஓரிடத்தில் அது இருந்தது. அறுந்த நாருக்கு மாற்றாக எதை வைப்பது என்னும் வினா நூறாண்டுகளுக்கு முன்பே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. வைத்ததை எலும்போடு எதனால், எவ்வாறு பிணிப்பது என்னும் வினாவே மருத்துவர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். தமிழாசிரியருக்கு இது கடமையும் ஆகும். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். தசையை எலும்போடு இணைத்து இழுப்பது தசைநாண். இவ்விரு கலைச்சொற்களையும் அமைத்தவர் எவராயினும் அவரைப் பாராட்டத் தோன்றுகிறது. நார் என்பது பூத்தொடுக்கவும் கீற்றுக் கட்டவும் பயன்படுவது. அதன் வேலை, கட்டி நிறுத்துதல். நாண் என்பது வில்லிற் பூட்டியது. அதன் வேலை, இழுத்தல். முழங்கால் அறுவை மருத்துவர் செய்வது, இழுத்துக்கொண்டிருந்த நாணொன்றை உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து, அறுந்துபோன நாரின் இடத்தில் கட்டிவைத்தல். அதாவது, நாணை நாராக்குதல்.

முழங்காலினுள்ளே, தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் இரண்டு நார்கள் ஒன்றையொன்று சிலுவைபோல் குறுக்கிட்டுச் செல்கின்றன. முன்னால் உள்ளது முன் சிலுவை நார். காற்பந்து நேயர்கள் 'ஏ.சி.எல்.' என்று சொல்வது இதனையே. நீளம் ஏறத்தாழ 3 செண்டிமீட்டர். பருமன் சுண்டு விரலளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், கால் திரும்பும்போது மூட்டு பிறழாமலும் காப்பது இதன் பணி. கிரேக்க மருத்துவர் கேலன் இரண்டாம் நூற்றாண்டிலேயே இந்நார்களை விவரித்தார். செருமனியின் வெபர் உடன்பிறப்பினர் 1836-இல் மனித நடையைப் பற்றி எழுதிய நூலில் இவை தொழிற்படும் முறையை ஆராய்ந்தனர்.

உடலின் பிற நார்கள் அறுந்தால் பெரும்பாலும் தாமே கூடும். அறுந்த முனைகளுக்கிடையே குருதி உறைந்து, அவ்வுறைவின்மேல் புதிய திசு வளரும். முன் சிலுவை நாரோ மூட்டு நீரில் மூழ்கிக் கிடப்பது. அங்கே குருதி உறைந்து நிற்பதில்லை, கரைந்துபோகிறது. அறுந்த முனைகள் மெல்லச் சுருங்கிவிடுகின்றன. எலும்பு முறிவுக்கு நம் முன்னோர் போட்ட மூங்கிற்பட்டைக் கட்டும் புத்தூர்க் கட்டும் பலருக்கு நற்பயன் தந்திருக்க, இந்நாருக்கு எந்தக் கட்டும் உதவாமற் போனதன் காரணம் இதுவே. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே கூடுவதற்கு வழியில்லை.

ஆகவே திறந்து தைத்தல் ஒன்றே வழி என்று தொடக்கத்தில் எண்ணினர். லீட்ஸ் நகரத்து மருத்துவர் மேயோ ராப்சன் 1895-இல், 41 வயதான சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முழங்காலைத் திறந்து, அறுந்து கிடந்த இரு சிலுவை நார்களையும் விலங்குக் குடலிலிருந்து செய்யப்பட்ட தையலிழையால் தைத்தார். அத்தொழிலாளி மீண்டும் சுரங்கத்துக்கு வேலைக்குச் சென்றார் என்று ராப்சன் 1903-இல் எழுதினார். இந்த அறுவை விளையாட்டு வீரருக்காகத் தொடங்கவில்லை, உடலுழைப்பால் பிழைத்த ஒருவருக்காகத் தொடங்கியது என்பதை நம் மாணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். எனினும் தையல் பலருக்கு நிலைக்கவில்லை. அமெரிக்கப் படைத்துறைக் கழகத்தின் இளைஞர்களுக்குத் தைக்கப்பட்ட நார்களை ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த ஃபீகின், கர்ல் என்னும் இருவர், அவற்றுள் பெரும்பாலானவை பயன்தரவில்லை என்று 1976-இல் வெளியிட்டனர். அதன்பின் வெறுந்தையலில் நம்பிக்கை தளர்ந்தது.

மாற்று நார் என்னும் எண்ணமோ அதற்கு மிக முன்பே பிறந்துவிட்டது. 1872-இல் இந்தியாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய ஹே குரோவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் ஒரு முறையை வெளியிட்டார். தொடையின் வெளிப்புறத்தில் உறுதியான தசையுறை ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்ட சுரங்கங்களின் வழியே கோத்து, சிலுவை நார் இருந்த இடத்தில் நிறுத்தினார். இன்றும் உலகெங்கும் செய்யப்படும் அறுவையின் எலும்புக்கூடு இதுதான்: சுரங்கம், அதனுள் கோத்த ஒட்டுத்திசு, இரு முனைகளிலும் பிணிப்பு.

அதே 1910களின் பிற்பகுதியில்தான் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் ரப்பர் மரத்துக்கு மொட்டு ஒட்டும் முறை உருவானது. பின்னர் அது மலாயாவுக்கும் வந்தது. குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒட்டு வேலையை விளக்க வேண்டியதில்லை. இளங்கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டைச் செருகி, நாடாவால் இறுக்கிக் கட்டுவர். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, ஒட்டுப் பிடித்ததா எனப் பார்ப்பர். நாடா மொட்டுக்கு உயிர் கொடுப்பதில்லை. பட்டையும் தண்டும் தாமே கூடும்வரை அசையாமற் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கட்டுத் தளர்ந்தால் மொட்டு எவ்வளவு நல்லதாயினும் கருகிப்போகும்.

முழங்காலிலும் நிகழ்வது இதுவே. சுரங்கத்துக்குள் வைத்த நாண் எலும்போடு தானே கூடிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அதனைப் பிடித்து வைத்திருப்பது மருத்துவர் போட்ட பிணிப்பே. குரோவ்சின் காலத்திலும் அதன்பின் நெடுங்காலமும் அப்பிணிப்பு பெரும்பாலும் வெறுந்தையலாகவே இருந்தது. எலும்பின்மேல் படர்ந்த மெல்லிய உறையோடு ஒட்டுத்திசுவின் முனையைச் சேர்த்துத் தைப்பர். அல்லது இழையை எலும்புத் துளை வழியே வெளிக்கொணர்ந்து ஒரு பொத்தானின்மேல் முடிச்சிடுவர். பின்னர் இருமுள் கொண்ட உலோகக் கவ்வியை எலும்பில் அடித்தனர். இவற்றுள் எதனையும் நம்பிக் காலை அசைக்க முடியாது. எனவே தொடை முதல் கணுக்கால் வரை சாந்துக்கட்டுப் போட்டுப் பல வாரங்கள் படுக்க வைத்தனர்.

அந்தச் சாந்துக்கட்டுக்கு நோயாளி கொடுத்த விலை பெரிது. ஆறு வாரம் அசையாத தொடைத்தசை கண்ணெதிரே மெலிந்துவிடும். மூட்டு விறைத்துப்போகும்; மடங்கிய கால் நிமிராது, நிமிர்ந்த கால் மடங்காது. அறுவை வென்று கால் தோற்ற நிலை என அதனைச் சொல்லலாம். அமெரிக்க நாட்டு மருத்துவர் கென்னத் ஜோன்ஸ், முழங்காற் சில்லின் கீழுள்ள நாணில் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கை, சில்லின் எலும்புத் துண்டோடு சேர்த்தெடுத்துப் பயன்படுத்தும் முறையை 1963-இல் வெளியிட்டார். கிளஃப் வீழ்ந்த மறு ஆண்டு அது. நல்ல ஒட்டுத்திசு கிடைத்துவிட்டது. இறுகப் பிடிக்கும் பிணிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

நாணை இடம்பெயர்க்கும் கலையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறந்த பங்கு உண்டு. அது முழங்காலில் அன்று, கையில். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலச் சமயத்தொண்டர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் முதலில் தச்சுவேலையும் கட்டட வேலையும் பயின்று, பின்னர் மருத்துவராகி, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் நகம்போல் வளைந்து கிடந்தவர்களைச் செங்கற்பட்டில் கண்ட அவர், உயிருள்ள தசைகளின் நாண்களை இடம்மாற்றி அவ்விரல்களை நிமிர்த்த முற்பட்டார். கெண்டைக்காலில் மெல்லிய நாண் ஒன்று உண்டு. அதனை எடுத்துவிட்டாலும் நடைக்குக் குறைவில்லை. பிராண்ட் அதனை எடுத்து நான்கு கிளைகளாக்கி, மணிக்கட்டை இயக்கும் தசையோடு ஒரு முனையையும் நான்கு விரல்களோடு மறுமுனைகளையும் இணைத்தார். நாணுக்குள் நாணை ஊடுருவவிட்டுப் பின்னித் தைப்பது அவர்தம் முறை. எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதே அங்கும் கேள்வி. மிகை இறுக்கம் விரலை விறைக்கச் செய்யும். மிகைத் தளர்வு பயன்தராது. முழங்காலிலும் அஃதே: இறுக்கம் கூடினால் கால் முழுதும் நிமிராது, குறைந்தால் நடுவழியில் மூட்டு நழுவும். தச்சுப்பட்டறையில் பழகிய கை இதில் உதவியது என்று எண்ண இடமுண்டு. நம் பள்ளிகளில் கைவேலைப் பாடத்தைத் தாழ்வாக நோக்குவோர் இதனைச் சிந்திக்கலாம்.

முழங்காலுக்குத் திரும்புவோம். 1970களிலும் 1980களிலும் சிலர் வேறொரு குறுக்குவழியைத் தேடினர். உயிருள்ள நாண் எலும்போடு கூடக் காலம் பிடிக்கிறது என்றால், கூட வேண்டிய தேவையே இல்லாத செயற்கைக் கயிற்றை வைத்துவிட்டால் என்ன? கரியிழை, டாக்ரான், கோர்டெக்ஸ் முதலியவற்றால் செய்த நார்களை வைத்தனர். முதல் நாளிலேயே வலிமை, சாந்துக்கட்டு வேண்டா, நோயாளியின் உடலில் வேறிடத்தை வெட்டவும் வேண்டா. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால் மனிதன் ஓராண்டில் எத்தனை இலட்சம் முறை முழங்காலை மடக்குகிறான்! கயிறு இழையிழையாகத் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் மூட்டுக்குள் உதிர்ந்து வீக்கத்தை உண்டாக்கின. பல கயிறுகள் அறுந்தன. உயிருள்ள திசு தேய்மானத்தைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். உயிரற்ற கயிறு தேயத்தான் தெரியும். மருத்துவர்கள் மீண்டும் நோயாளியின் நாணுக்கே திரும்பினர்.

திருப்பம் 1983-இல் வந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மருத்துவர் கென்னத் லாம்பர்ட், இரு முனைகளிலும் எலும்புத் துண்டு ஒட்டியிருக்கும் சில்லு நாணைச் சுரங்கத்துக்குள் நுழைத்தபின், எலும்புத் துண்டுக்கும் சுரங்கச் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் 6.5 மில்லிமீட்டர்த் திருகாணி ஒன்றைச் செலுத்தினார். மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவர், கண்ணுக்குள் காம்பை நுழைத்துவிட்டுச் சந்தில் ஆப்பை அடித்து இறுக்குவது போன்ற செயல் இது. திருகாணி நாணைத் துளைப்பதில்லை, நெருக்குகிறது, அவ்வளவே. தோட்டத்தில் காம்பு போட்டுப் பழகிய எவருக்கும் எளிதாகத் தோன்றும் இந்த எண்ணம் அறுவைக் கூடத்தை எட்ட, குரோவ்சின் அறுவைக்குப் பின் 66 ஆண்டுகள் ஆயின!

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1987-இல், சப்பானியரான மசாகிரோ குரோசாகாவும் அவர்தம் தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். இறந்தோர் கொடையாக அளித்த முழங்கால்களில், அன்று வழக்கிலிருந்த பிணிப்பு முறைகளை ஒவ்வொன்றாகச் செய்து, பொறியால் இழுத்துப் பார்த்தனர். நாண் அறுந்ததா, பிணிப்பு விட்டதா? பிணிப்பே விட்டது. கவ்வியும் பொத்தான்மேல் இட்ட முடிச்சும் 6.5 மில்லிமீட்டர்த் திருகாணியும் பின்தங்க, அவர்கள் தாமே வடிவமைத்த 9 மில்லிமீட்டர்த் திருகாணி முதலிடம் பெற்றது. ஆயினும் அதன் பிடியும் நாணின் வலிமைக்கு மிகக் கீழேயே நின்றது. இளைஞரின் இயற்கையான முன் சிலுவை நார் அறுவதற்கு ஏறத்தாழ 2160 நியூட்டன் விசை வேண்டும் என 1991-இல் அளந்தனர்; அது 220 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்கு ஒப்பு. மருத்துவர் வைக்கும் நாண் அதனினும் வலியது. அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் மெலிந்த இடம் நாண் அன்று, அது கட்டப்பட்டுள்ள முனையே என்பது எண்களால் உறுதிப்பட்டது.

பிணிப்பு உறுதிப்பட்டதும் சாந்துக்கட்டின் ஆட்சி ஆட்டங்கண்டது. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இண்டியானாபோலிசு நகரத்து மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன், தம் சொற்படி காலை அசைக்காமல் காத்திருந்த நோயாளிகளைவிட, சொல் கேளாமல் முன்கூட்டியே நடந்தும் மடக்கியும் திரிந்தவர்கள் விரைவில் நலமடைவதைக் கண்டார். அடங்காத மாணவனிடம் ஆசிரியர் பாடம் கற்பது அரிது, இவர் கற்றார். முதல் நாள் முதலே காலை நிமிர்த்தவும் மடக்கவும் பயிற்சி தரும் முறையை 1990-இல் வெளியிட்டார். படுக்கையில் மெலிந்த தொடைகள் இனி மெலியத் தேவையில்லாமற் போயின.

இதற்கிடையே மூட்டைத் திறக்காமலே உள்ளே நோக்கும் கருவியும் வளர்ந்தது. தோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர் 1918-இல் இறந்தவர் உடலின் முழங்காலுக்குள் குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தார். அவர் மாணவர் மசாகி வாத்தானாபே அதனைச் செம்மை செய்தார். 1964-இல் அவரிடம் கற்றுச் சென்ற கனடா நாட்டவர் இராபர்ட் ஜாக்சன் வழியே அது மேலை நாடுகளிற் பரவியது. இங்கிலாந்தில் டேவிட் டான்டி 1980-இல் இக்கருவியின் துணையோடு சிலுவை நாரை மீட்டமைத்தார். நீண்ட வெட்டுக்காயம் சிறு துளைகளாகச் சுருங்கியது. எனினும் துளை சிறிதானதால் பிணிப்பின் கடமை குறைந்துவிடவில்லை.

சில்லு நாணை எடுத்தவர்களுக்கு ஒரு தொல்லை எஞ்சியது. முழந்தாளிட்டு அமரும்போது முழங்காலின் முன்புறம் வலிக்கும். நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழிப்பவருக்கு அது சிறு குறை. தரையில் சம்மணமிட்டும் குந்தியும் அமர்பவருக்கும், தொழுகையிலும் வழிபாட்டிலும் முழந்தாளிடுபவருக்கும் அது அன்றாடத் துன்பம். ஆகவே தொடையின் பின்புறத் தசைகளிலிருந்து இரண்டு நாண்களை எடுத்து, மடித்து நான்கு இழையாக்கும் முறை செல்வாக்குப் பெற்றது. நான்கிழைக் கயிற்றின் வலிமை 4000 நியூட்டனை ஒட்டியது. இயற்கை நாரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆயின் இதன் முனையில் எலும்புத் துண்டு இல்லை. எலும்போடு எலும்பு கூட ஏறத்தாழ ஆறு வாரம் போதும். வெறும் நாண் எலும்போடு கூட அதனினும் நெடுங்காலம் பிடிக்கும். அமெரிக்காவில் ஸ்காட் ரோடியோவும் பிறரும் நாய்களில் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் வரை இழுத்தபோதெல்லாம் நாண் சுரங்கத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வாரத்தில்தான் உருவாமல் நின்றது. கயிறு வலுத்தது, காத்திருக்கும் காலமும் நீண்டது. பிணிப்பின் பொறுப்பு இரு வகையிலும் கூடியது.

1990களில் தாமஸ் ரோசன்பெர்க் என்னும் மருத்துவர் வழங்கிய விடை மிகச் சிறியது: ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோகத் தகடு. அதன் நடுவில் வளையமாகக் கோத்த இழையில் நாண் தொங்கும். சட்டைப் பொத்தானை நாம் துளைக்குள் விளிம்புவாக்கில் நுழைக்கிறோம். நுழைந்தபின் அது படுத்துக்கொண்டு வெளிவர மறுக்கிறது. அவ்வாறே இத்தகட்டைச் சுரங்கத்தின் வழியே நெடுக்காக இழுத்து, தொடையெலும்பின் மறுபுறம் வெளிப்பட்டதும் குறுக்காகத் திருப்பிவிடுவர். எலும்பின் உட்பகுதி பஞ்சுபோல் நொய்ந்தது, புறவோடு கல்போன்றது. பொத்தான் அக்கல்லின்மேல் சாய்ந்து நாணைத் தாங்கும்.

இதனோடு வாதம் ஓய்ந்துவிடவில்லை. பொத்தான் மூட்டிலிருந்து தொலைவில் இருப்பதால், இடைப்பட்ட நீளத்தில் இழையும் நாணும் சிறிதே நீண்டு சுருங்குகின்றன. அவ்வசைவால் சுரங்கம் அகன்றுபோகிறது என்பர் திருகாணியின் தரப்பினர். திருகாணியின் புரி நாணைக் கிழிக்கக்கூடும், நாணின் முழுச் சுற்றும் எலும்பைத் தொடவிடாமலும் தடுக்கும் என்பர் பொத்தானின் தரப்பினர். உடலிலேயே கரைந்துபோகும் திருகாணிகளும் வந்தன. அவற்றுள் சில செலுத்தும்போதே முறிந்தன, சில கரையும்போது நீர்க்கட்டிகளைத் தோற்றுவித்தன. இன்று பல மருத்துவர்கள் தொடையெலும்பில் பொத்தானையும் கீழ்க்கால் எலும்பில் திருகாணியையும் இணைத்தே பயன்படுத்துகின்றனர். என் கருத்தில், எந்தப் பிணிப்பு என்பதைவிட எந்த இடத்தில் என்பதே பெரிது. சுரங்கத்தின் வாய் சில மில்லிமீட்டர் இடம் பிறழ்ந்தால், உலகின் சிறந்த திருகாணியும் அந்நாணைத் தவறான இடத்தில் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அறுவைகள் தோற்பதற்கான காரணங்களில் இப்பிறழ்ச்சி முன்வரிசையில் நிற்பதை மருத்துவர்களே எழுதியுள்ளனர்.

பிணிப்பு இவ்வளவு வளர்ந்தபின், நார் அறுந்த ஒவ்வொருவருக்கும் அறுவை செய்துவிடலாமா? இவ்வினாவைத் துணிந்து எழுப்பியவர்களுள் நமக்கு மிக அண்மையில், ஜொகூர்க் கடற்பாலத்துக்கு அப்பால் இருந்த ஒருவர் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் எலும்பு மருத்துவர் கே. சத்கு, தம் தோழர் இருவரோடு 1986-இல் பிரித்தானிய எலும்பு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, முன் சிலுவை நார் அறுந்தவருக்கு அறிவுரையா அறுவையா என்று வினவுவது. அவர் பின்னாளில், 2004 முதல் 2013 வரை, சிங்கப்பூரின் மருத்துவச் சேவை இயக்குநராகப் பணியாற்றினார். புதிய திருகாணிகள் வந்து மருத்துவ உலகம் அறுவையின்பால் விரைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுந்த வினா அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வினா வீண்போகவில்லை. 2010-இல் சுவீடன் நாட்டவர் வெளியிட்ட ஆய்வொன்றில், 18 முதல் 35 வயது வரையிலான 121 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். 62 பேருக்கு விரைந்து அறுவை; 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை. ஈராண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இரண்டாம் பிரிவில் 23 பேர் மட்டுமே அதற்குள் அறுவையை நாடினர். திடலை விட்டுவிட்டு அலுவலகம் செல்பவருக்கு உறுதியான தொடைத்தசையே பாதி நாராக உதவக்கூடும். ஓடித் திரும்பிக் குதித்தாக வேண்டிய ஆட்டக்காரரின் கணக்கு வேறு.

நம் மாணவரின் கணக்கு இன்னும் வேறு. முப்பதாண்டுகள் பள்ளித் திடலோரம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: காற்பந்திலோ வலைப்பந்திலோ கபடியிலோ பிள்ளையொருவன் எவரும் இடிக்காமலே வீழ்கிறான், 'டப்' என்று ஏதோ அறுந்ததாகச் சொல்கிறான், சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்குகிறது. வீக்கம் மறுநாள் மெல்ல வந்தால் ஒரு பொருள். உடனே வந்தால் உள்ளே குருதி கசிந்தது என்று பொருள். வீட்டார் எண்ணெய் போட்டு உருவிவிடுகின்றனர். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிகிறது. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுகிறான். நாரில்லாத மூட்டு மீண்டும் நழுவும்போது, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு கிழிகிறது. அக்கிழிசல்தான் நாற்பது வயதில் அவனை மாடிப்படி ஏறவிடாமற் செய்வது. பெண்பிள்ளைகளுக்கு இக்காயம் ஆண்பிள்ளைகளைவிட மிகுதியாக நேர்கிறது என்பதையும் வலைப்பந்துப் பொறுப்பாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். மருத்துவர் முழங்காலைச் சிறிதே மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை என்பது ஒரு நிமிட வேலை. 1976-இல் எழுத்தில் வந்த அச்சோதனைக்குப் பெருங்கருவி எதுவும் வேண்டா. பழகிய இரு கைகள் போதும்.

அறுவை வேண்டும் என்று முடிவானாலும், பிணிப்பின் வினா வளரும் பிள்ளையிடம் வேறொரு வடிவம் கொள்கிறது. காலின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, முழங்காலை ஒட்டி மேலும் கீழும் உள்ள இரண்டு வளர்தட்டுகளிலிருந்தே உண்டாகிறது. மருத்துவர் சுரங்கம் துளைக்க வேண்டிய இடமும் அதுவே. வளர்தட்டின் குறுக்கே உலோகத் திருகாணியோ எலும்புத் துண்டோ நின்றுவிட்டால், அவ்விடத்தில் எலும்பு கூடி வளர்ச்சி தடைப்படும். ஒரு கால் குட்டையாகலாம், அல்லது கோணலாகலாம். வளர்ந்தவருக்கு வரமாக வந்த அதே திருகாணி பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தீங்காகும். ஆதலின் மருத்துவர்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்ப்பதில்லை; கையின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து எலும்பின் வயதைக் கணிக்கின்றனர். வளர்தட்டுகள் பெண்பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 16 வயதை ஒட்டியும் மூடிக்கொள்வது பொதுவியல்பு. முழங்காற் படத்தில் அத்தட்டு இன்னும் கருங்கோடாகத் தெரியுமாயின், எலும்புத் துண்டில்லாத மென்மையான நாணை எடுத்து, சுரங்கத்தைச் சிறிதாக்கி அல்லது தட்டைத் தொடாமல் விலக்கித் துளைத்து, பொத்தான் போன்ற பிணிப்பைக் கோட்டுக்கு அப்பால், புறவோட்டின்மேல் வைக்கின்றனர். அதன்பின் பிள்ளை வளர்ந்து முடியும்வரை இரு கால்களின் நீளத்தையும் அவ்வப்போது அளந்து வருகின்றனர்.